1430: அனுப்புவதா, வேண்டாமா?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் செப்டம்பர் தாண்டிவிட்டால் ஒரே பேச்சுதான். காலேஜ் அட்மிஷனுக்கான எஸ்ஏடி தேர்வில் 1600-க்கு 1430 வந்திருக்கிறது, காலேஜ் இணையதளத்தில் டெஸ்ட் ஆப்ஷனல் (மதிப்பெண் கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்) என்று போட்டிருக்கிறார்கள், அனுப்புவதா, பேசாமல் விட்டுவிடுவதா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் உடனே பதில் வரும்: "அந்தக் காலேஜ்ல ஆவரேஜ் 1500, அதுக்குக் கீழ இருந்தா காட்டாதீங்க." காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர்களில் பலரும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விதி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம், அதைத் தவிர அதற்குப் பெரிய தகுதி கிடையாது. மதிப்பெண்ணை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, எந்தப் படிப்புக்குப் போகிறது, விண்ணப்பத்தில் மீதி என்ன இருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மறைக்கப்படும் மதிப்பெண்களில் நிறைய அனுப்பியிருக்க வேண்டியவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் வேலை, காலேஜ் பட்டியலைப் பிரிப்பது. சில இடங்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கொரோனாவில் தேர்வு மையங்கள் மூடிக்கிடந்ததால் 2020-ல் கிட்டத்தட்ட எல்லோரும் ஆப்ஷனலுக்கு மாறினார்கள் என்பது தெரிந்த கதை. அதற்கு முன்பே மெய்ன் மாநிலத்து போடின் கல்லூரி 1969-லிருந்து இப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தது, சிகாகோ பல்கலைக்கழகம் 2018-ல் வந்து சேர்ந்தது. பிறகு காற்று திசைமாறியது. எம்ஐடி 2022 மார்ச்சில் மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட், கார்னெல், பென் மூன்றும் 2026 இலையுதிர்காலத்தில் சேர்கிறவர்களிடமிருந்து கேட்கிறார்கள். பிரின்ஸ்டன் 2027-28 விண்ணப்பச் சுற்றிலிருந்து கேட்கப்போகிறது. ஜார்ஜ்டவுன், ஜார்ஜியா டெக், ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கட்டாயம்தான். இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, இருப்பதை அனுப்ப வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கலிஃபோர்னியா. பெர்க்லி, யுசிஎல்ஏ உட்பட யுசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் எதுவும் அட்மிஷனுக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை, கால் ஸ்டேட் கல்லூரிகளும் அப்படியே. 1600 வாங்கியிருந்தாலும் அங்கே அது யார் கண்ணிலும் படாது. இரண்டுக்கும் நடுவில் யேல் ஒரு தனி வழி வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு தேர்வு வேண்டும், ஆனால் அது எஸ்ஏடியாகவோ, அதற்குப் போட்டியான ஏசிடியாகவோ, பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்களைப் படித்து எழுதும் ஏபி, ஐபி தேர்வுகளாகவோ இருக்கலாம். ஏபி வழியை எடுத்தால் அதுவரை எழுதிய எல்லா ஏபி மதிப்பெண்களையும் காட்ட வேண்டும், முழு மதிப்பெண்ணான 5 வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்க முடியாது.

மிச்சமிருப்பவைதான் உண்மையான ஆப்ஷனல்: கொலம்பியா, மிச்சிகன், ரட்கர்ஸ், சிகாகோ, பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், இன்னும் நூற்றுக்கணக்கில். கொள்கை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணன் அனுப்பாமல் சேர்ந்தான் என்பதை நம்பாமல், உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் வருஷத்துக்கு அந்தக் காலேஜின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே போய்ப் படியுங்கள். சிகாகோவைப் பற்றி ஒரு வார்த்தை. அனுப்பிய மதிப்பெண் விண்ணப்பதாரருக்குச் சாதகமாக இருந்தால் மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கை நம்பினால் அங்கே அனுப்புவதில் நஷ்டமே இல்லை. எல்லாக் காலேஜும் இப்படி எழுதி வைத்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சரி, இப்போது அந்த "ஆவரேஜ் 1500" கணக்குக்கு வருவோம். எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான காலேஜ்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணம் வெளியிடுகின்றன. காலேஜ் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி7, சி9 என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன, மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டைப் படியுங்கள். சி7-ல் அட்மிஷனில் எதற்கு எவ்வளவு எடை என்று அவர்களே குறித்திருப்பார்கள்: மிக முக்கியம், முக்கியம், கணக்கில் எடுப்போம், எடுக்க மாட்டோம். மதிப்பெண்ணுக்கு நேரே "முக்கியம்" என்று போட்டிருக்கும் காலேஜும், வெறுமனே "கணக்கில் எடுப்போம்" என்று போட்டிருக்கும் காலேஜும் வெளியே ஒரே மாதிரி ஆப்ஷனல் என்றுதான் சொல்லிக்கொள்ளும், ஆனால் உள்ளே இரண்டும் ஒன்றல்ல. சி9-ல் சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி கொடுத்தார்கள், எத்தனை பேர் ஏசிடி கொடுத்தார்கள், அப்படிக் கொடுத்தவர்களின் 25, 50, 75-ஆம் பெர்சென்டைல் மதிப்பெண் என்ன என்று இருக்கும் (25-ஆம் பெர்சென்டைல் என்றால் கால்வாசிப் பேர் அந்த எண்ணுக்குக் கீழே).

அந்தச் சதவீதத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கணக்குக்காக ஒரு காலேஜை நானே கற்பனை செய்கிறேன். முதலாண்டில் 1000 பேர் சேர்ந்திருக்கிறார்கள். எஸ்ஏடி கொடுத்தவர்கள் 35 சதவீதம், ஏசிடி கொடுத்தவர்கள் 15 சதவீதம். எஸ்ஏடியின் 25-ஆம் பெர்சென்டைல் 1450, 75-ஆம் பெர்சென்டைல் 1540. இதைப் பார்த்ததும் 1430 வாங்கிய பிள்ளை "நான் கடைசிக் கால்வாசிக்கும் கீழே" என்று சோர்ந்துபோகும். ஆனால் 1450 என்பது மதிப்பெண் காட்டிய 350 பேருக்குள் எடுத்த கணக்கு. அந்த 1000 பேரில் குறைந்தது 500 பேர் எந்த மதிப்பெண்ணும் காட்டாமல் உள்ளே வந்திருக்கிறார்கள். 1550 வைத்துக்கொண்டு யாரும் மறைக்கப்போவதில்லை, ஆக அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது குறைவான மதிப்பெண்ணாக இருக்கும், அல்லது அவர்கள் தேர்வே எழுதியிருக்க மாட்டார்கள். வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து எழுதச் சொன்னால் 1430 நடுவில் வந்தாலும் வரும்.

இன்னொரு பக்கம், அந்த 350 பேரில் கால்வாசி, அதாவது 87 பேர், 1450-க்குக் கீழே இருந்தும் மதிப்பெண்ணை அனுப்பி, இடமும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டு ரொம்பவும் குளிர்ந்துபோக வேண்டாம். அந்தக் கால்வாசியில் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள் இருப்பார்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போகிறவர்கள் இருப்பார்கள், சில இடங்களில் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். புறநகர்ப் பள்ளியில் படிக்கும், அப்பா அம்மா இருவரும் ஐடியில் இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் பிள்ளை அந்த 87-ல் தன்னையும் ஒருவராக எண்ணிக்கொள்வது கொஞ்சம் அதிகப்படி.

இந்த எண்கள் தாமாகவே ஏறிக்கொண்டும் போகும். இந்த வருஷம் 1450-க்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் மறைத்தால் அடுத்த வருஷம் வெளியாகும் 25-ஆம் பெர்சென்டைல் 1480 ஆகும், அதைப் பார்த்து 1470 வாங்கியவர்கள் மறைப்பார்கள், அதற்கடுத்த வருஷம் இன்னும் ஏறும். மாணவர்களின் திறமை அதே இடத்தில்தான் இருக்கும், ஏறுவது பயம்தான். எஸ்ஏடி எழுதுகிறவர்களின் நாட்டு சராசரி 1020-ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்பதை இந்தப் பேச்சில் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 1430 என்பது எந்த ஊர்க் கணக்கிலும் கெட்ட மதிப்பெண் கிடையாது.

டார்ட்மத் ஏன் திரும்பக் கட்டாயமாக்கியது என்பது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நால்வர் விண்ணப்பங்களைத் தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது இது: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் 1400-களில் மதிப்பெண் வைத்துக்கொண்டு, "இது போதாது" என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும். ஏனென்றால் அட்மிஷன் அலுவலகம் மதிப்பெண்ணை அந்தப் பிள்ளையின் பள்ளியோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறது. சராசரி 1000-ஐச் சுற்றி இருக்கும் ஒரு பள்ளியிலிருந்து 1400 வந்தால் அது பெரிய செய்தி. பள்ளியின் சராசரி என்ன, எத்தனை ஏபி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் கவுன்சலர் அனுப்பும் பள்ளி விவரக் குறிப்பில் இருக்கிறது, வாசிப்பவர் கையில் அது முதலிலேயே போய்விடும்.

எம்ஐடி 2022-ல் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுவே. மேல்நிலைக் கணக்குப் பாடங்கள் கிடைக்காத பள்ளிகளில் படித்த திறமையான பிள்ளைகளை அடையாளம் காண மதிப்பெண் உதவுகிறது என்றார்கள். ராஜ் செட்டியின் தலைமையில் ஹார்வர்டில் இயங்கும் ஆப்பர்ச்சுனிட்டி இன்சைட்ஸ் குழு (செட்டி தமிழ்க் குடும்பத்தில் வந்தவர் என்பது உபரித் தகவல்) 2024 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஐவி லீக் வகைக் கல்லூரிகளில் ஒரே மாதிரிப் பின்னணியுள்ள மாணவர்களை ஒப்பிட்டால், 1600 வாங்கியவரின் கல்லூரி முதலாண்டு ஜிபிஏ (4-க்குப் போடும் சராசரி கிரேடு) 1200 வாங்கியவருடையதைவிட 0.43 அதிகம். பள்ளி ஜிபிஏ 4.0-க்கும் 3.2-க்கும் இடையே வந்த வித்தியாசமோ 0.1-கூட இல்லை. பள்ளிகளில் ஏ கிரேடு தாராளமாகப் புழங்குவதால் ஜிபிஏவை மட்டும் வைத்து ஆளைப் பிரித்தறிய முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். அட்மிஷன் அலுவலகங்களுக்கு ரகசியமாக மதிப்பெண் மேல் ஒரு ஏக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். ஆப்ஷனல் என்று பலகை மாட்டிய இடங்களிலும் அந்த ஏக்கம் முழுதாகப் போய்விட்டிருக்காது.

ஆக, அனுப்பும் பக்கம் எப்போது வலுவாகிறது? சி9-ன் நடுப்புள்ளியை எட்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்கள். 25-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் நான் பெரும்பாலும் அனுப்பு என்றுதான் சொல்வேன், குறிப்பாகக் காலேஜில் பாதிப் பேருக்கு மேல் மதிப்பெண் கொடுத்துச் சேர்ந்திருந்தால். 25-க்குக் கீழே வந்தால்தான் பள்ளியைப் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளியில் மேல்தட்டு மதிப்பெண் என்றால் அனுப்புங்கள். எடிசன், ஃப்ரிஸ்கோ, கூப்பர்டினோ மாதிரி ஊர்களில், பக்கத்து பெஞ்சில் 1550 உட்கார்ந்திருக்கும் பள்ளி என்றால் அதே எண் வேறு மாதிரி வாசிக்கப்படும். இது அநியாயமாகத் தெரியலாம். நல்ல பள்ளி வேண்டும் என்று வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்துப் போனதற்கு இப்படி ஒரு பின்விளைவு இருக்கிறது, என்ன செய்ய.

மொத்த எண்ணைவிட அதன் இரண்டு பாதிகளையும் பாருங்கள். கணக்கில் 790, ஆங்கிலத்தில் 640, மொத்தம் 1430. அதே 1430 கணக்கில் 680, ஆங்கிலத்தில் 750 என்றும் வரும். பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்கு முதலாவது அனுப்பத் தகுந்தது, இரண்டாவதை அனுப்பினால் "ஏபி கால்குலஸில் ஏ கிரேடு என்று இருக்கிறதே, அப்புறம் ஏன் 680?" என்று ஒரு சந்தேகத்தை நாமே எழுப்பி விட்டதாகிவிடும். வரலாறு படிக்கப்போகும் பிள்ளைக்கு இது அப்படியே தலைகீழ். ஒரு பாதியை மட்டும் அனுப்ப வழியில்லை, இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் சூப்பர்ஸ்கோர் ஏற்கும் காலேஜ்களில் மார்ச் தேர்வின் கணக்கையும் ஆகஸ்ட் தேர்வின் ஆங்கிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். மொத்த எண்ணை வைத்து முடிவெடுக்கும் முன் அந்தக் கூட்டலைச் செய்து பாருங்கள், பலர் தங்களிடம் 1430 இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது கையில் 1470 இருக்கிறது. ஏசிடியும் எழுதியிருந்தால் இரண்டில் எது மேல் என்று ஒப்பீட்டு அட்டவணையில் பார்த்து நல்லதை மட்டும் கொடுங்கள். ஏசிடி 33 என்பது எஸ்ஏடியில் சுமார் 1460, 34 என்பது சுமார் 1500. இரண்டையும் கொடுத்தால் இரட்டிப்புப் பலன் ஒன்றும் கிடையாது.

இப்போது அனுப்பாமல் விடும் பக்கம். "அனுப்பாவிட்டால் ஏதோ மோசமான மதிப்பெண்ணை மறைக்கிறான் என்று நினைத்துவிட மாட்டார்களா?" இது எல்லா அப்பாக்களும் கேட்பது. அப்படிக் கழிப்பதில்லை என்று காலேஜ்கள் சொல்கின்றன, நான் அதைப் பெரும்பாலும் நம்புகிறேன். மதிப்பெண் கொடுத்தவர்களுக்கு அனுமதி விகிதம் அதிகம் என்று சில இடங்களில் எண்கள் வரும், அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். கொடுப்பவர்கள் மற்ற விஷயங்களிலும் பலமான விண்ணப்பக்காரர்களாக இருப்பார்கள், எனவே அந்த வித்தியாசம் முழுவதும் மதிப்பெண்ணால் வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் மதிப்பெண் இல்லாத விண்ணப்பத்தில் மீதி எல்லாவற்றின் மேலும் பாரம் கூடுகிறது. கணக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், எடுத்த பாடங்களின் கடினம், நான்கு வருஷ கிரேடுகள் எல்லாம் சேர்ந்து "இந்தப் பிள்ளை இங்கே வந்து சமாளிக்கும்" என்று சொல்ல வேண்டும். ஏபி கால்குலஸ் பிசியில் 5, பிசிக்ஸ் சியில் 5 வைத்திருக்கும் பிள்ளைக்கு 1390 என்ற எஸ்ஏடி ஒன்றும் புதிதாகச் சேர்க்கப்போவதில்லை. அந்த ஏபி மதிப்பெண்களைக் கொடுத்துவிட்டு எஸ்ஏடியை விட்டுவிடலாம், கணக்குத் திறமைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு அனுப்பாமல் விடுவது சரியான தேர்வு. ஆனால் ஏபி அதிகம் இல்லாத பள்ளி, எல்லோருக்கும் ஏ கொடுக்கும் பள்ளி, வீட்டிலேயே படித்த பிள்ளை என்றால், மதிப்பெண்ணை எடுத்துவிட்ட பிறகு வாசிப்பவர் கையில் என்ன மிஞ்சுகிறது? அங்கே சுமாரான மதிப்பெண்கூட வெற்றிடத்தைவிட மேல்.

நேர் எதிரான ஒரு வகையும் உண்டு, ஜிபிஏ 3.4, எஸ்ஏடி 1540. இதை அனுப்பாமல் இருக்க யாருக்கும் மனசு வராது, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அது கிரேடுகளைச் சரிக்கட்டிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான்கு வருஷ உழைப்பைத்தான் அவர்கள் முதலில் படிக்கிறார்கள், இரண்டே கால் மணி நேரத் தேர்வு அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு முறை எழுதுவது மூன்றாவது வழி. எஸ்ஏடி இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில், ப்ளூபுக் என்ற செயலியில் நடக்கிறது. ஆங்கிலம், கணக்கு ஒவ்வொன்றிலும் முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். அதே ப்ளூபுக்கில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. அவற்றில் பிள்ளை நிஜத் தேர்வைவிடத் தொடர்ந்து 60, 70 புள்ளி அதிகம் எடுத்தால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் உண்டு. மாதிரியிலும் அதே 1430 என்றால் இன்னொரு தேர்வு அதையேதான் தரும், அந்த வாரங்களைக் கட்டுரைகளுக்குக் கொடுக்கலாம். நவம்பர் 1 கெடு வைத்திருக்கும் எர்லி (முன்கூட்டியே போடும்) விண்ணப்பங்களுக்கு அக்டோபர் தேர்வுதான் பொதுவாகக் கடைசி வாய்ப்பு. ஜனவரிக் கெடுவுக்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது. நாலாவது, ஐந்தாவது முறை எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பெரும்பாலும் அது பிள்ளையின் ஆசையாக இருப்பதில்லை.

பணம். இதை மறந்துவிட்டு அட்மிஷனை மட்டும் பேசுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. அட்மிஷனுக்கு மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லும் காலேஜ், மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கோ ஆனர்ஸ் கல்லூரிக்கோ அதைக் கேட்கலாம். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில அரசுப் பல்கலைக்கழகங்கள் ஜிபிஏ, தேர்வு மதிப்பெண் இரண்டையும் வைத்து அட்டவணை போட்டு உதவித்தொகை கொடுத்துவந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் 20 புள்ளி வித்தியாசத்தில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கைமாறலாம். அட்மிஷன் பக்கத்தையும் ஸ்காலர்ஷிப் பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பியில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குத் தரப்படுவது) இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு ஃபெடரல் உதவி கிடையாது, பல இடங்களில் வெளிநாட்டு மாணவராகவே கணக்கு வைப்பார்கள், குடும்பத்தின் பண நிலையைப் பார்த்துத் தரும் உதவியும் அவர்களுக்குக் குறைவு. மெரிட் தொகை ஒன்றுதான் பெரும்பாலும் திறந்திருக்கும் கதவு. என்னைக் கேட்டால், அந்தக் கதவு மதிப்பெண்ணால் திறக்கும் என்றால் சி9 எண்ணையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அனுப்பிவிடலாம்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ நேரடியாக விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கும் என் தராசு அனுப்பும் பக்கம்தான் சாய்கிறது. சிபிஎஸ்இ மதிப்பெண்ணைப் பெரிய அட்மிஷன் அலுவலகங்களில் புரிந்துகொள்வார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 600-க்கு 570 என்றால் அது எவ்வளவு பெரியது, அந்தப் பள்ளியில் அது எத்தனையாவது இடம் என்பது சின்னக் கல்லூரி ஒன்றில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்ஏடி அவருக்குத் தெரிந்த அளவுகோல். பரிந்துரைக் கடிதம் எழுதிப் பழக்கமில்லாத பள்ளி என்றால் இன்னும் சொல்ல வேண்டாம். டோஃபல், ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு தனி விஷயம், டெஸ்ட் ஆப்ஷனல் என்றால் அதுவும் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

நடைமுறையில் சில சங்கதிகள். இந்த முடிவை எல்லாக் காலேஜுக்கும் ஒன்றாக எடுக்க வேண்டியதில்லை, ஓரிடத்துக்கு அனுப்பி இன்னோரிடத்துக்கு விட்டுவிடலாம், அது ஒன்றும் ஏமாற்று வேலை கிடையாது. பல காலேஜ்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில் டெஸ்டிங் என்று ஒரு பொதுப் பகுதி இருக்கிறது, தவிர ஒவ்வொரு காலேஜும் தன் கேள்விகளில் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கவா என்று தனியாகக் கேட்கும். பொதுப் பகுதியில் போட்ட மதிப்பெண் வேண்டாத காலேஜுக்கும் தவறிப் போய்விடக் கூடாது என்றால், ஒரு காலேஜுக்கு அனுப்பி முடித்துவிட்டு அடுத்ததற்கு முன் அந்தப் பகுதியைத் திருத்தலாம், கடைசியாக முன்னோட்டப் பிரதியைத் திறந்து ஒரு முறை வாசித்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் பிள்ளை தானே பதிவுசெய்த எண் போதும், அதிகாரப்பூர்வ அறிக்கை சேரும்போதுதான் தேவைப்படும். அதனால் தேர்வுக்குப் பதிவுசெய்யும்போது எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு தரும் நான்கு இலவச அறிக்கைகளை மதிப்பெண் தெரியும் முன்பே அவசரப்பட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுன் போன்ற இடங்கள் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கும், அதை முன்பே தெரிந்துகொண்டு எத்தனை முறை எழுதுவது என்று திட்டமிடுங்கள்.

அனுப்பப்போவதில்லை என்று முடிவெடுத்தால் அது வேறு வழியில் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பள்ளிகள் டிரான்ஸ்கிரிப்டிலேயே (நான்கு வருஷ கிரேடு பட்டியல்) எஸ்ஏடி மதிப்பெண்ணை அச்சடித்துவிடுகின்றன. கவுன்சலரிடம் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். விருதுகள் பகுதியில் நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட் என்று போட்டுவிட்டு எஸ்ஏடியை மறைப்பதும் வேடிக்கையாக இருக்கும், அந்தப் பட்டம் எஸ்ஏடிக்கு முன்னோடியான பிஎஸ்ஏடி தேர்வை வைத்துத் தருவது, அதில் அந்த உயரம் தொட்ட பிள்ளைக்கு எஸ்ஏடியில் என்ன ஆயிற்று என்று வாசிப்பவர் யோசிக்கத்தான் செய்வார்.

மதிப்பெண் இல்லாமல் நவம்பரில் போட்டு, டிசம்பரில் டிஃபர் (முடிவைத் தள்ளிவைக்கிறோம்) என்று பதில் வந்து, அதே மாதத் தேர்வில் 1510 வந்துவிட்டால்? பல காலேஜ்கள் அந்தக் கட்டத்தில் புது மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன, சில இடங்களில் ஆப்ஷனல் என்று ஒருமுறை குறித்தால் அந்தச் சுற்று முழுக்க மாற்ற விடமாட்டார்கள். விண்ணப்பதாரருக்கான போர்டலில் அதற்குப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். அதைப் பிள்ளையே எழுதட்டும், அப்பா எழுத வேண்டாம்.